சாந்தோம் வண்டியில் ஜீப் எஞ்சின்

"வண்டியின் எஞ்சினை மாற்றினால், மாற்றிய பதினான்கு நாட்களுக்குள் உரிமையாளர் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் தெரிவிக்க இயலாத நிலையில் இருந்தால், வண்டியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தரும் அறிக்கையை, ஆய்வாளர் நேரில் விசாரித்துத் திருப்தி அடைந்தபின், ஏற்றுக்கொள்ளலாம்."

எங்கள் அலுவலகத்து நிலையாணை இது. எண்ணைச் சொல்லிப் பயனில்லை, புத்தகத்திலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஆனால் நான் பணியில் சேர்ந்தபோது இருந்தது. இரண்டு வாக்கியங்களும் எனக்கு மனப்பாடம். இரண்டாவது வாக்கியமும் மனப்பாடம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. யாரோ ஒருவர் பழங்காலத்து ஸ்போர்ட்ஸ் காரில் புதிய எஞ்சினைப் பொருத்திக் கொண்டுவந்து பதிவு செய்யச் சொல்கிறாராம். இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். கோப்பு கிடைக்குமா என்றார்கள். கோப்புகளை எரிக்கும் கால அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, அது எப்போதோ எரிந்திருக்கும் என்றேன். "அப்போ நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார், நம்ம ஆண்டு மலர்ல போட்டுடறோம்" என்றார்கள். மேற்கு மாம்பலத்தில் தனியாக ஓர் அறையில் இருப்பவனுக்கு வேறென்ன வேலை. எழுதுகிறேன்.

நான் பொறியியல் பட்டயம் பெற்று, யுத்தக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பேருந்துகளின் அடுப்புகளைச் சோதித்து, முகம் முழுக்கக் கரியோடு இரண்டு வருடம் பயிற்சி முடித்தவன். யுத்தம் முடிந்ததும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஆனேன். ஊரில் எங்களை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

என் மேலதிகாரி சேஷாத்ரி. மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் வீடு. டிராமில் வருவார். எந்தக் கடிதத்தையும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். முதலில் கையெழுத்து யாருடையது. பிறகு எங்கள் அலுவலகம் அதைப் பெற்றதாகக் குத்திய முத்திரை. பிறகு எழுதிய தேதி. விஷயத்துக்கு வருவதற்குள் பாதிக் கடிதங்களை மடித்து வைத்துவிடுவார். "விஷயம் என்ன ஓய் விஷயம். யாரோ எதையோ கேக்கறான். எப்பவும் அதுதான்" என்பார். அவரிடம் நான் கற்ற முதல் பாடம், கடிதம் எழுதப்பட்ட தேதி ஒரு தேதியே அல்ல என்பது. நம் முத்திரை விழும்வரை அந்தக் கடிதம் உலகத்தில் இல்லை. வண்டியைப் பார்க்க வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருமுறை சுற்றி வருவார். முப்பது வருடப் பணியில் அவர் ஒரு வண்டியையும் தொட்டதில்லை என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை உண்மை.

1946ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு விண்ணப்பம் வந்தது. அனுப்பியவர் ரெஜினா, சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. இருபதுகளில் செய்த இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கைகள், அதில் ராணுவம் கழித்துக்கட்டிய ஜீப் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் குறித்துத் தர வேண்டும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எஞ்சினை மாற்றிய ஒன்பதாம் நாளே எழுதியிருந்தார். பதினான்கு நாட்களுக்குள் எழுதிய ஒருவரை அதுவரை நான் கண்டதில்லை. அந்த மரியாதைக்காகவே மறுநாள் சைக்கிளில் சாந்தோம் போனேன்.

வண்டி வீட்டு வாசலில் புங்க மரத்தடியில் நின்றது. நீண்ட மூக்கு, இறக்கை போன்ற மட்கார்டுகள், கதவுகள் முழங்கால் உயரம்தான். பச்சை வண்ணத்தைக் கடற்காற்று பாதி தின்றிருந்தது. மூக்கின் மேல் மூடி முழுதாக மூடவில்லை. அதன் பக்கத்தில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தவர் கன்னியப்பன், மந்தைவெளியில் கொட்டகை வைத்திருந்த மெக்கானிக். யுத்தத்தில் ராணுவப் பட்டறையில் இருந்தவர்.

"இன்னா சார், சுத்திச் சுத்திப் பாத்துகினே கீறியே. ஸ்டார்ட் பண்ணிப் பாரு, அப்பால பேசு."

"முதல்ல நம்பர்" என்றேன்.

எஞ்சின் எண்ணை எழுதிக்கொள்வது போதாது. மெல்லிய தாளை எண்ணின் மேல் வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். தாள் கறுத்து, குத்திய எண் மட்டும் வெள்ளையாக எழும்பி வரும். அடிச்சட்டத்துக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று. இரண்டையும் கோப்பில் ஒட்டி, ஒட்டிய இடத்தில் பாதி தாளிலும் பாதி கோப்பிலுமாகக் கையெழுத்திட வேண்டும். ராணுவச் சரக்கை விற்ற இடத்துச் சீட்டில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

பிறகு குனிந்தும் படுத்தும் பார்த்தேன். கன்னியப்பன் கெட்டிக்காரர். ஸ்டியரிங் தண்டு போகும் வழியில் புது எஞ்சின் குறுக்கே நின்றதால், அதை இரண்டு விரல் அகலம் இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியிருந்தார். ஜீப்பின் கியர்பெட்டியையே வைத்து, பின் அச்சுக்குப் போகும் தண்டை வெட்டிக் குறுக்கிப் பற்றவைத்திருந்தார். புது எஞ்சின் கனம் என்பதால் முன்பக்கப் பட்டைவில் ஸ்பிரிங்குகளில் பக்கத்துக்கொரு தகடு கூட்டியிருந்தார். பற்றவைத்த இடங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்டேன். எல்லாம் மணி மாதிரி ஒலித்தன. பிரேக்கை மட்டும் அவர் தொடவில்லை. கம்பிக் கயிற்றால் இழுக்கும் பழைய பிரேக். எஞ்சினின் பலமோ இரண்டு மடங்காகிவிட்டது.

"பிரேக் யார் பாக்கறது?" என்றேன்.

கன்னியப்பன் தலையைச் சொறிந்தார். "தாத்தா ஒடம்புல பயில்வான் மூச்ச வெச்சுக்கீறேன் சார். கை காலு இன்னும் தாத்தாதுதான். நீ சொல்றது கரீட்டு."

பிரேக்குக்குப் புது லைனிங், புதுக் கயிறு, ஆக்ஸிலேட்டர் மிதிக்குக் கீழே முழுதாக அழுந்தாதபடி ஒரு தடைத் திருகு. பத்து நாளில் செய்துவைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போதுதான் ரெஜினா டீச்சர் பள்ளியிலிருந்து வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். எடுத்து வந்து கொடுத்தார். உரிமையாளர் பெயர் அருளப்பன் என்று இருந்தது.

"இவர்?"

"என் தம்பி சார்."

"அவர்தான் கையெழுத்துப் போடணும்."

"அவன் மலாயாவுல இருக்கான். ரப்பர் தோட்டத்துல வேலை. கடைசியா லெட்டர் வந்தது நாப்பத்திரண்டு ஜனவரியில."

நாற்பத்திரண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது.

முன்னறைக்குள் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் காட்டினார். நான் கேட்கவில்லை. ஆனால் விசாரணை என்பதால் படித்தேன். நாலு வரி நலம், மழை, சம்பளம் இல்லாத வேலை. கடைசியில், "வாரம் ஒரு தடவை வண்டியை ஸ்டார்ட் பண்ணு அக்கா. நின்னா செத்துடும்."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும் பண்ணுவேன் சார். அப்புறம் பெட்ரோல் ரேஷன் வந்துடுச்சு. எனக்கு எங்க குடுப்பாங்க? ஒரு வருஷம் அப்படியே நின்னுடுச்சு. கன்னியப்பன் வந்து பாத்துட்டு, உப்புக் காத்துல இறுகிப்போச்சு, எஞ்சின் பிளாக்கும் வெடிச்சிருக்குன்னார். இதுக்கு இனிமே இங்கிலாந்துலகூட சாமான் இல்லையாம்."

அந்த அறையின் மூலையில், இரண்டு மரக்கட்டைகளின் மேல், பழைய போர்வையால் சுற்றிய ஒன்று இருந்தது. நாற்காலி உயரம். மாதா படத்துக்கு நேர் கீழே. கிரீஸ் வாடை வந்தது. பழைய எஞ்சின் என்று கேட்காமலே தெரிந்தது.

பத்து நாள் கழித்து ஓட்டச் சோதனை. சாந்தோமிலிருந்து அடையாறு பாலம் தாண்டி, ஆளில்லாத நேர்ச்சாலையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, கோட்டைத் தொட்டதும் பிரேக் அழுத்தி, நின்ற இடத்தில் இன்னொரு கோடு போட்டு, நடுவே நாடா பிடித்து அளக்க வேண்டும். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவை. கன்னியப்பன் வரவில்லை. டீச்சர் வந்தார்.

பாலம் ஏறும்வரை காற்றில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்:

"சத்தம் வேற மாதிரி இருக்கு சார்."

"எஞ்சின் வேற இல்லையா."

"அவன் சர்ச் முனை திரும்பும்போதே எனக்குத் தெரிஞ்சுடும். காப்பிக்குத் தண்ணி வெச்சுடுவேன். உள்ள வர்றதுக்குள்ள கொதிச்சுடும். இந்தச் சத்தத்துக்கு நான் எழுந்துக்க மாட்டேன்."

"சைலன்சரை மாத்தினா கொஞ்சம் கிட்ட வரும்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "வந்தா சண்டை போடுவான். யாரைக் கேட்டு இதை மாத்தினேன்னு குதிப்பான். குதிக்கட்டும். வண்டி ஓடுதா இல்லையா?"

நாடாவைக் கோட்டின் மேல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சரியா சார்? சரியா சார்?" என்று மூன்று தடவை கேட்டார். சரியாக இருந்தது. வண்டி பற்றி எனக்கு முழுத் திருப்தி.

சேஷாத்ரியிடம் கோப்பை வைத்தேன். கீழிருந்து படித்தார்.

"ஓய் துரைசாமி, நீர் திருப்தி அடைஞ்சுட்டீரா?"

"வண்டியில திருப்திதான் சார்."

"வண்டி கிடக்கட்டும். ஆசாமி எங்கே?"

"தெரியல சார்."

"தெரிவிக்க இயலாத நிலையில இருக்கார்னு நீர் எழுதணும். செத்தவன் தெரிவிக்க இயலாதவனா? செத்தவன் உரிமையாளனே இல்லையே ஓய். அப்போ நீர் அப்படி எழுதினா, உசிரோட இருக்கான்னு அர்த்தம். அதுக்கு ஆதாரம்?"

"இல்ல சார்."

"செத்துட்டான்னு அந்தம்மா எழுதிக் குடுத்தா அவ பேருக்கே மாத்திண்டு போயிடலாம்."

"மாட்டேங்கறாங்க சார். காணாமப் போனவரை செத்தவரா சட்டம் எடுத்துக்க ஏழு வருஷம் ஆகணும், அதுவும் இன்னும் ஆகல."

அவர் கோப்பை மூடி, என் பக்கம் தள்ளினார். "மேலிடத்தைக் கேட்டு எழுதும். கேள்வி மேல போயிடுத்துன்னா, பதில் வர வரைக்கும் நாம ஆத்துல நிம்மதியா தூங்கலாம்."

அவருக்காக ஒரு வார்த்தை. மேலிடத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று அவர் உத்தரவு போடவில்லை. வாயால் சொன்னார். நிலையாணை அதிகாரத்தைத் தந்தது ஆய்வாளருக்கு, அவருக்கு அல்ல. நான் அங்கேயே நின்று, "நான் விசாரித்தேன், திருப்தி அடைந்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அவர் முத்திரை வைத்திருப்பார், முணுமுணுத்துக்கொண்டே. தம்பியின் கடிதத்தைப் படித்தவன் நான். போர்வை சுற்றிய எஞ்சினைப் பார்த்தவன் நான். ஆனால் என் பெயரில் திருப்தி அடைய எனக்குத் துணிவில்லை. எழுதினேன். மேலிடத்துக்கு, மிக நல்ல கடிதம். கேள்வியை இரண்டு கூறாகப் பிரித்து, சட்டப் பிரிவு, நிலையாணை, உண்மைகள், ஐயம் என்று வரிசையாக. சேஷாத்ரி ஒரு சொல்கூடத் திருத்தவில்லை. அது அவர் கொடுத்த அதிகபட்சப் பாராட்டு.

கேள்வி மேலே போனால் கீழே இருப்பவர் யாரும் அதைத் தொடக்கூடாது. இதுவும் விதி. ஆனால் நிலுவையில் உள்ள வண்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் நேரில் சரிபார்க்க வேண்டும். இதுவும் விதி. எஞ்சின் மறுபடி மாறவில்லை என்று பென்சில் தேய்த்து ஒட்ட வேண்டும். மற்ற ஆய்வாளர்கள் பழைய தேய்ப்பையே பார்த்து, அலுவலகத்தில் உட்கார்ந்தபடி புதிது செய்துகொள்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் சாந்தோம் போனேன்.

எட்டு முறை போனேன். ஒவ்வொரு முறையும் பள்ளி விட்டபின், டீச்சர் இருக்கும் நேரம். தேய்ப்பதற்கு மூன்று நிமிடம் போதும். நான் அடிச்சட்டத்து எண்ணையும் தேய்ப்பேன், தேவையே இல்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கேட்பேன். டீச்சர் காப்பி கொண்டுவந்து மட்கார்டின் மேல் வைப்பார். "பதில் வந்துதா சார்?" என்பார். "இன்னும் இல்ல டீச்சர்" என்பேன். பிறகு கொஞ்சம் பேசுவோம். ரேஷன் அரிசி, பள்ளியின் தலைமைக் கன்னியாஸ்திரி, என் மெஸ்ஸில் போடும் மோர்க்குழம்பு. ஒரு நாற்பது நிமிடம். நாற்பத்தேழு ஆகஸ்டில் ஊரெல்லாம் கொடியாக இருந்தது. என் படிவத்தில் மட்டும் மன்னரின் கிரீடம். அதைக் காட்டியபோது, "ராஜாவே போயிட்டார், உங்க பதில் வரலையே" என்று சிரித்தார். அன்று மாலை மாம்பலம் ரயிலில் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே, என் நிலையத்தில் இறங்காமல், சைதாப்பேட்டை வரை போய்விட்டேன்.

மேலிடத்துக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் ஆண்டு தவறாமல் அனுப்பினேன். இரண்டாம் ஆண்டில் இரண்டு அனுப்பவில்லை. மறந்துவிட்டது என்று கோப்பில் எழுதியிருக்கிறேன். நான் எதையும் மறப்பவன் அல்ல.

நாற்பத்தெட்டில் சேஷாத்ரி ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் நிலுவைகளை ஒழிப்பதில் ஆர்வம் உள்ளவர். இரண்டு ஆண்டுக்கு மேல் எஞ்சின் மாற்றம் பதியப்படாத வண்டிகளின் பதிவு பிப்ரவரி முடிவோடு ரத்து என்று அச்சிட்ட அறிவிப்பு அனுப்பினார். சாந்தோம் முகவரிக்குப் போனதில் ஆய்வாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

நாற்பத்தொன்பது பிப்ரவரி பதினான்கு, திங்கள். டீச்சர் முதல் தடவையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அரை நாள் லீவு போட்டிருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ரத்தாயிட்டா என்ன ஆகும் சார்?"

"நம்பர் போயிடும். புத்தகத்தைத் திருப்பி வாங்கிப்பாங்க. வண்டி ரோட்டுல வரக்கூடாது."

"அவன் பேரு?"

"புத்தகம் போனா பேரும் போயிடும்."

"வேற வழியே இல்லையா?"

ஒரு வழி இருந்தது. கேட்ட கேள்வியைத் திரும்பப் பெறவும் ஒரு படிவம் உண்டு. அதை நிரப்பி, நிலையாணையின் இரண்டாவது வாக்கியத்தின்படி அன்றே நான் கையெழுத்திட்டிருக்கலாம். அந்தப் படிவம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. ஆனால் இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பெற்றால், இத்தனை நாள் ஏன் காக்கவைத்தாய் என்று புதியவர் கேட்பார். அதற்கு எழுத்தில் தரக்கூடிய பதில் என்னிடம் இல்லை.

"மேலிடத்திலேருந்து பதில் வரல டீச்சர்" என்றேன்.

தம்பியின் கடைசிக் கடிதம் வந்து ஏழு ஆண்டு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. உறுதிமொழித் தாளைக் கொடுத்தேன். 'இறந்துவிட்டதாக நான் நம்பும்' என்று அச்சு, உறவுக்கும் பெயருக்கும் கோடிட்ட இடம். அவர் நெடுநேரம் படித்தார். பரீட்சைத் தாள் திருத்துகிறவர் படிப்பது போல.

"நம்பறேன்னு போட்டிருக்கே சார். நான் நம்பலையே."

"படிவம் அப்படித்தான்."

"வண்டி அவன் நம்பரோட ஓடணும்னா, அவன் இல்லேன்னு நான் எழுதணும். அப்படித்தானே?"

நான் தலையசைத்தேன். அவர் 'என் தம்பி' என்று எழுதிப் பெயரையும் எழுதினார், அதே அழகான எழுத்தில். கையெழுத்திட்டார். என் ஒற்றுத்தாளால் மையைத் தானே ஒற்றினார். எழுந்தபோது கேட்டார்: "அந்தப் பழைய எஞ்சினுக்கு ஏதாவது படிவம் இருக்கா சார்?"

"இல்ல டீச்சர். வண்டியில இல்லாத எஞ்சின் எங்க புத்தகத்துல வராது."

"நல்லது" என்றார்.

ஒரு வாரத்தில் புத்தகம் தயாரானது. அருளப்பன் என்ற பெயரின் மேல் சிவப்புக் கோடு, கீழே ரெஜினா, எஞ்சின் எண் புதியது. கன்னியப்பன்தான் வந்து வாங்கிப்போனார். "டீச்சரம்மா வரல சார். வண்டிய எங்கொட்டாயில வெச்சுக்கச் சொல்லிட்டாங்கோ" என்றார். கோப்பு முடிந்தது. முடிந்த கோப்பில் ஆய்வாளருக்குச் சரிபார்ப்பு கிடையாது. சாந்தோம் போக எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை. காரணமில்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்டு எழுதவில்லை.

பதில் வந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று மைல் தூரத்தில் இருந்த மேலிடம், நிதியாண்டு முடிவில் தட்டுகளைக் காலி செய்தபோது வெளியே வந்திருக்க வேண்டும். சேஷாத்ரியைப் போலக் கீழிருந்து படித்தேன். கையெழுத்து, துணைச் செயலர். எழுதிய தேதி பிப்ரவரி ஏழு. டீச்சர் கையெழுத்திடுவதற்கு ஏழு நாள் முன்பு. விஷயம் மூன்றே வரி: நிலையாணையின் இரண்டாம் வாக்கியம் இத்தகைய நேர்வுகளுக்கு என்றே உள்ளது. ஆய்வாளர் தாமே முடிவெடுக்கலாம். இதற்கு மேலிடத்தைக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

கடிதத்தைத் தபால் எழுத்தரிடம் கொடுத்தேன். அவர் முத்திரையில் மையைத் தொட்டு, தாளின் மேல் மூலையில் குத்தினார். பெறப்பட்டது, 31 மார்ச் 1949.